சொலினாய்டு: தமிழில் வரிச்சுருள்

ஆர்.ஓ. மெஷினைப் பார்க்க வருபவர் "சொலினாய்டு போச்சு சார்" என்பார். கார் ஸ்டார்ட்டரிலும் ஒன்று உண்டு, சாவியைத் திருப்பியதும் டக்கென்று கேட்பது அதுதான். குழாய் போலச் சுற்றிய கம்பிச் சுருள் அது, மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும். சொல்லின் வேர் கிரேக்கம்: சோலென் என்றால் குழாய், ஒய்டு என்றால் அந்த வடிவுடையது. 1820களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் இயற்பியலாளர் ஆம்பியர்.

நம் பாடநூல்கள் இதை வரிச்சுருள் என்கின்றன. மூலத்தைவிட எனக்கு இதுவே பிடிக்கும், ஏனென்றால் காந்தத்தின் பலம் குழாய் வடிவத்தில் இல்லை, கம்பி வரிவரியாக எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. நீண்ட சுருளுக்குள் காந்தப்புலத்தைத் தீர்மானிப்பது மொத்தச் சுற்றுகள் அல்ல. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுற்று, அதில் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது, இவை இரண்டும்தான். அதே கம்பியை, அதே மின்னோட்டத்தில், 10 செ.மீ.க்கு 100 சுற்று சுற்றினாலும் 20 செ.மீ.க்கு 200 சுற்று சுற்றினாலும் உள்ளே புலம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, நெருக்கி இன்னும் சுற்றினால்? அங்கேயும் ஒரு சிக்கல். பேட்டரி அதேதான் என்றால், கம்பி இரு மடங்கு நீளும்போது மின்தடையும் இரு மடங்காகி மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆம்பியரையும் சுற்றுகளையும் பெருக்கினால் பழைய கணக்கே வரும். சூடு குறையும், அதுதான் லாபம்.

1824இல் இங்கிலாந்தின் ஸ்டர்ஜன் இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் கம்பியை 18 சுற்று சுற்றினார். கம்பியோடு கம்பி தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும், அதனால் இடைவெளி விட்டே சுற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கம்பிக்கே உறை போட்டார். அப்புறம் அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்ற முடிந்தது. 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது.

நடுவில் வைக்கும் இரும்புக்குத் தமிழில் உள்ளகம். தேனிரும்பு (கிட்டத்தட்ட கலப்பில்லாத இரும்பு) என்றால் புலம் பல நூறு மடங்கு கூடும், மின்சாரம் நின்றதும் காந்தமும் பெரும்பாலும் போய்விடும். எஃகு அப்படி எளிதில் விடாது. ஆனால் இரும்பு 2 டெஸ்லாவை (டெஸ்லா காந்தப்புலத்தை அளக்கும் அலகு) நெருங்கியதும் தெவிட்டிவிடும், அதற்குமேல் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கண்டிப்பாகச் சொன்னால் வரிச்சுருள் என்பது கம்பி மட்டும்தான், உள்ளகத்தோடு சேர்ந்தால் மின்காந்தம். மெக்கானிக் கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர் காயில்.