ஒருவழிப் பாதையில் தோட்டாக்கள்

குதிரைமேல் வருபவர் துப்பாக்கியின் அடியில் உள்ள வளையத்தை (அதுதான் லீவர்) சட்டென்று கீழே தள்ளி மேலே இழுத்துச் சுடுவார். கௌபாய் படங்களில் பார்த்த அந்தத் துப்பாக்கிதான் லீவர் ரைஃபிள். அதைச் சுடுவதைவிட, சுடாமல் காலி செய்வதுதான் அதிகக் கவனம் கேட்கும் வேலை.

பேரலுக்கு, அதாவது குண்டு வெளிவரும் குழலுக்கு, அடியில் நீண்ட குழாய் ஒன்று ஓடும். அதற்குள் ரயில் பெட்டிகள் மாதிரி தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும்; முன்முனையில் உள்ள ஸ்பிரிங் அவற்றைப் பின்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். (ஒன்றின் மூக்கு அடுத்ததன் பிரைமரில், அதாவது அடிபட்டால் தீப்பற்றும் பின்பகுதியில், முட்டி நிற்பதால்தான் இவற்றுக்குப் பெரும்பாலும் தட்டை மூக்குக் குண்டுகள்.) லீவரைக் கீழே தள்ளினால் சேம்பரை, அதாவது தோட்டா வெடிக்கும் அறையை, மூடியிருக்கும் போல்ட் பின்வாங்கும், சேம்பரில் இருப்பது வெளியே தெறிக்கும், தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் பின்னுக்குச் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். லீவரை மூடும்போது அடுத்த தோட்டா சேம்பருக்குள் நுழைந்துவிடும்.

1860-இன் ஹென்றி துப்பாக்கியில் குழாயின் முன்பக்கம் வழியாகத் தோட்டா போட வேண்டும். 1866-இல் வின்செஸ்டர் பக்கவாட்டில் சிறு கதவு வைத்தது. ஏற்றுவது சுலபமானது. ஆனால் அது உள்ளே மட்டும் திறக்கும் கதவு! போட்டதை அதே வழியில் எடுக்க முடியாது; லீவரை இயக்கி, ஒவ்வொன்றாகச் சேம்பர் வழியே வெளியேற்ற வேண்டும். ஆக, காலி செய்ய லீவரை ஒருமுறை இயக்கினால் துப்பாக்கி ஒருமுறை சுடத் தயாராகிறது. தோட்டாக்களை மொத்தமாக அடக்கிய பெட்டி மேகசினைக் கழற்றிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அதனால் குழல்வாய் பாதுகாப்பான திசையைவிட்டு நகரக் கூடாது. சேஃப்டி பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். கை வளையத்துக்குள் இருப்பதால், லீவரை மூடும்போது ஆள்காட்டி விரல் தன்னையறியாமல் டிரிகர் பக்கம் போகும். அதை வெளியே நீட்டி வைப்பதே பழக்கமாக வேண்டும். லீவரை அரைகுறையாகத் தள்ளினால் தோட்டா நடுவழியில் சிக்கும். சேம்பரில் தோட்டா இருக்கும்போது சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கலாம் என்று நினைப்பது என் கணிப்பில் மிக மோசமான யோசனை. விரல் வழுக்கினால் வெடித்துவிடும்.

தற்காலத் துப்பாக்கிகள் சிலவற்றில் குழாயின் உள்தண்டை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிடலாம். அப்போதும் சேம்பரில் ஒன்று, தோட்டாவைத் தூக்கிவிடும் தட்டின்மேல் இன்னொன்று என மிச்சமிருக்கலாம்.

கடைசித் தோட்டா வந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் லீவரை இன்னும் சில முறை இயக்க வேண்டும். பிறகு அதைத் திறந்தே வைத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல்நுனியாலும் தடவ வேண்டும். குழாய் நசுங்கியிருந்தாலோ ஸ்பிரிங் அழுக்கேறி இறுகியிருந்தாலோ ஒரு தோட்டா உள்ளேயே நின்றுவிட்டு, பிறகு ஏதோ ஒரு குலுக்கலில் நகரும். குழாய்க்குள் இருப்பது வெளியே தெரியாது. ஏற்றும்போதே எண்ணி வைத்தவருக்கு இங்கே வேலை சுலபம்: ஏழு போட்டு ஆறுதான் வெளியே வந்திருக்கிறது என்றால், ஏழாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.