பேவர் கல் இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றாதீர்கள்

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். முன்வாசலில் அறுநூறு சதுர அடிக்குப் பேவர் கல் பதித்திருந்தார். கார் மட்டும் நிற்கும் வாசலுக்கு 60 மில்லிமீட்டர் கனமே போதும். தண்ணீர் லாரி உள்ளே வருமே என்று யோசித்து 80 வாங்கியிருந்தார். பதித்து ஓராண்டுகூட ஆகவில்லை. லாரிச் சக்கரம் ஏறுகிற இடத்தில் கற்கள் ஆடின. மிதித்தால் இடுக்கு வழியே சேற்றுநீர் பீய்ச்சியது. “தம்பி, கல் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்றார். கல்லில் ஒரு குறையும் இல்லை. இடுக்குகளில் மணலுக்குப் பதிலாகச் சிமெண்ட் பால், அதாவது தண்ணீராகக் கரைத்த சிமெண்ட், ஊற்றியிருந்தார்கள். இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது வீடு இது.

யார் ஊற்றச் சொன்னது என்று கேட்டேன். “மேஸ்திரி மணல்தான் போடுகிறேன் என்றார். நான்தான் புல் முளைக்கும், எறும்பு வரும், சிமெண்ட் போட்டு அடைத்துவிடுங்கள் என்றேன்” என்றார். ஐந்து வீட்டிலும் இதே கதை. சில இடங்களில் மேஸ்திரி சொல்லியிருப்பார், சில இடங்களில் வீட்டுக்காரர்.

மணல் இளகியது, சிமெண்ட் உறுதியானது என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. சுவருக்கு அது சரி. பேவர் தரை சுவர் அல்ல. ஒரு கல்லின் மேல் சக்கரம் ஏறினால் அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கற்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் பகிர்வைச் செய்வது இடுக்கில் இறுகி நிற்கும் மணல்தான். பாரம் விழும்போது தரை மயிரிழை அளவு அசைந்து மீண்டும் அமரும். மணல் அந்த அசைவோடு போகும். சிமெண்ட் போகாது, விரிசல் விடும். மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஓடுகிற சிமெண்ட் கோடு லாரியைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? விரிசல் வழியே மழைநீர் இறங்கும், எளிதில் வெளியேறாது. கல்லுக்கு அடியில் பரப்பிய மணல் கரைந்து நகரும், கல் ஆடத் தொடங்கும். வெயிலில் கல் விரியும்போது இடம் கொடுக்க ஏதும் இல்லாமல் விளிம்புகள் பெயர்வதும் உண்டு.

இன்னொரு நட்டம் பிறகுதான் தெரியும். பேவர் கல்லின் பெரிய வசதியே, குழாய் உடைந்தால் கற்களைப் பெயர்த்தெடுத்து வேலையை முடித்து அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம் என்பது. சிமெண்ட் ஊற்றிய தரையில் அது நடக்காது. ஆசிரியர் வீட்டில் ஆடிய பகுதியைப் பிரித்தபோது பாதிக் கற்கள் உடைந்தே வந்தன. மிச்சக் கற்களில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்ட இரண்டு ஆள், ஒரு நாள்.

புல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது கீழிருந்து வருவதில்லை. காற்றில் வந்த விதை, இடுக்கின் மேல் படிந்த புழுதியில் விழுந்து முளைக்கிறது. இடுக்கு காலியாக இருந்தால் புழுதி தங்க இடம் அதிகம், அவ்வளவுதான். அடியில் பாலித்தீன் தாள் விரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரைத் தேக்கி வைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, எந்த மணல்? பூச்சு வேலைக்குப் பயன்படும் பி-சாண்ட் போதும். 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் பரப்பும் பருமணலையே இடுக்கிலும் தள்ளாதீர்கள், வாயிலேயே அடைத்துக்கொள்ளும். கிரஷர் தூள் வேண்டாம், மழையில் குழம்பாகும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், கல்லில் உப்புப் பூக்கும்.

மணல் காய்ந்திருக்க வேண்டும். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கழுவிய மணல் ஆலையிலிருந்து ஈரத்தோடுதான் வருகிறது. ஈர மணல் இடுக்கின் வாயில் பாலம் கட்டி நின்றுவிடும். மேலே நிறைந்தது போலத் தெரியும், உள்ளே வெற்றிடம். தார்ப்பாயில் பரப்பி ஒரு நாள் வெயில் காட்டுங்கள். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

பிறகு மணலை இடுக்குகளில் பெருக்கித் தள்ளி, தரையை அதிர்த்து இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை ஓட்டி, மணல் இறங்கியதும் மறுபடி பெருக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். கல் கீறாமல் இருக்க இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் தகடு கட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கெர்ப் கல் நிற்காவிட்டால் இதில் எதுவும் பயன்படாது. ஓரம் விலகினால் இடுக்கு அகலும், மணல் இறங்கி ஓடும்.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் கனம், 200-க்கு 100 அளவுள்ள செவ்வகக் கல், மூன்று மில்லிமீட்டர் இடுக்கு என்றால் ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்பது கன அடி மணல் உள்ளே இறங்க வேண்டும். இரண்டு கூடை மணலைத் தூவிவிட்டு “முடிந்தது சார்” என்றால் முடியவில்லை என்று பொருள். வீட்டுச் சாவியை எடுத்து இடுக்கில் அழுத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் மணல் நிறையவில்லை. மேல் விளிம்பின் சரிவு முடிகிற இடம்வரை மணல் நின்றால் போதும்.

எங்கள் தொழிலின் குட்டு ஒன்றையும் உடைக்கிறேன். மணல் நிரப்புவது கடைசி நாள் வேலை. காம்பாக்டர் வாடகை நாள் கணக்கில் ஓடும், ஆட்களை அடுத்த இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் இந்த வேலைதான் முதலில் சுருங்கும். கல்லின் வலிமைத் தரத்தைப் பார்த்து, எம்-40 கல்தானா என்று நூறு முறை கேட்கிறவர்கள் மணலைப் பற்றி ஒரு முறை கேளுங்கள். மீதிப் பணத்தைச் சாவிப் பரிசோதனைக்குப் பிறகு கொடுங்கள். நான் வேலை செய்தாலும் அப்படியே செய்யுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வேலை முடிந்த அன்றே மேலே கிடக்கும் மணலை வாரிக் கொட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. வாசல் அழகுக்காக ஒரு வாரம் பொறுக்க முடியாதா? வண்டி ஏறி இறங்க அது தானாக உள்ளே போகும். முதல் மழைக்குப் பின் பள்ளம் விழுந்த இடுக்குகளில் இன்னொரு முறை போடுங்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதால் ஒன்றும் ஆகாது. பிரஷர் மோட்டாரின் முனையை இடுக்குக்கு நேராகப் பிடித்துக் கழுவுவதுதான் மணலைப் பறித்துவிடும்.

ஆசிரியர் வீட்டில் பிரித்த பகுதியை மணலிட்டுச் சரிசெய்தோம். முந்தாநாள் தொலைபேசியில் அழைத்தார். “எறும்பு மணலை மேலே தள்ளியிருக்கிறதே, தம்பி!” என்றார். திரும்பப் பெருக்கி உள்ளே தள்ளுங்கள் ஐயா என்றேன். காய்ந்த மணல் அரை மூட்டை அவர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.