ஆட்டுக்கு ஒரு கணக்கு, பார்லிக்கு ஒரு கணக்கு

"ஊருக் நகரத்தின் பெயரிலேயே ‘ஊர்’ இருக்கிறதே, அப்படியானால் சுமேரியர்கள் தமிழர்கள்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லைங்க. சுமேரியர்கள் தங்கள் மொழியில் அதை உனுக் என்றுதான் சொன்னார்கள். ஊருக் என்பது அதே நாட்டில் பேசப்பட்ட இன்னொரு பழைய மொழியான அக்காடியத்தின் வடிவம். காதில் விழுகிற ஒலியை வைத்து உறவு கொண்டாட ஆரம்பித்தால் உலகத்தில் ஒருத்தரும் நமக்கு அசலாராக மிஞ்ச மாட்டார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டிக்கொடுத்த நகரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

தெற்கு ஈராக்கில் வார்க்கா என்று இப்போது சொல்லப்படும் மேடுதான் அந்த நகரம். அன்று பக்கத்தில் ஓடிய யூப்ரடீஸ் இன்று விலகிப் போய்விட்டது. வாய்க்கால் வெட்டினால் பார்லி விளையும், சதுப்பில் மீனும் நாணலும் கிடைக்கும், மேய்ச்சலுக்கு ஆடுகள் உண்டு. நல்ல மரம், செம்பு எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். உபரி தானியம், அதைச் சேர்த்துவைக்கக் கோயில், கோயிலைச் சுற்றி வேலையாட்கள் என்று நகரம் பெருத்த கதையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கி.மு. 3100 வாக்கில் சுமார் 250 ஹெக்டேர், அப்புறம் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் 9 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மதில். இனன்னா தேவியின் ஏயன்னா வளாகத்தில் களிமண் கூம்புகளைச் சுவரில் நெருக்கமாகச் செருகி, வெளியே தெரியும் கறுப்பு, சிவப்பு, வெள்ளை முனைகளாலேயே பாய்ப் பின்னல் மாதிரி கோலம் போட்டிருக்கிறார்கள்.

அந்த அழகுக்குப் பக்கத்திலேயே, தோண்டுகிற இடமெல்லாம் குவியல் குவியலாக ஒரு முரட்டுக் கிண்ணம் கிடைக்கிறது. அச்சில் அமுக்கிச் செய்தது, விளிம்பு சரிவாக இருக்கும், பார்க்க ஒன்றும் லட்சணமில்லை. கூலித் தானியம் அளந்துபோட்ட கிண்ணம் என்பது ஒரு கட்சி, ரொட்டி சுட்ட அச்சு என்பது இன்னொரு கட்சி. எப்படியோ, ஊருக்கின் எழுத்தில் ‘சாப்பிடு’ என்பதற்கான குறி ஒரு தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும்தான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். ஊருக்கில் சுமார் 5,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் குப்பையிலிருந்து. கணக்கு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். முக்கால்வாசிக்கு மேல் வரவுசெலவுதான், கவிதை ஒரு வரிகூட இல்லை. எண்களை எழுதவில்லை, நாணல் தண்டால் அமுக்கினார்கள். சப்பாத்தி மாவில் பென்சிலின் மழுங்கிய பின்பக்கத்தை நேராக அமுக்கிப் பாருங்கள், வட்டம் விழும். சாய்த்து அமுக்கினால் கட்டைவிரல் நகம் பதிந்த மாதிரி ஒரு தடம். தடித்த தண்டு, மெல்லிய தண்டு என்று இரண்டு வைத்துக்கொண்டால் பெரிய வட்டம், சின்ன வட்டம், பெரிய தடம், சின்னத் தடம் நான்கும் தயார்.

ஆடுகளை எண்ணும்போது 10 சின்னத் தடம் சேர்ந்தால் ஒரு சின்ன வட்டம், 6 சின்ன வட்டம் சேர்ந்தால் ஒரு பெரிய தடம், அதாவது 60. ஆனால் பார்லி அளக்கும்போது அதே சின்ன வட்டத்துக்கு 6 தடம்தான்! நிலத்தை அளந்தாலோ 18. குறி ஒன்று, மதிப்பு மூன்று, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். பங்கீட்டு ரொட்டிக்கு இன்னொரு வரிசை: 1, 10, 60, அப்புறம் 120, 1,200.

இதைச் சொல்லித்தர ஒரு ஆளும் மிச்சமில்லாதபோது எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நம் எண்களின் மதிப்பு மட்டும் தெரிந்த ஒருவர் டிஜிட்டல் கடிகாரத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். வலதுபக்கம் 59ஐத் தாண்டுவதில்லை, இடதுபக்கம் 23ஐத் தாண்டுவதில்லை. நிமிடம், மணி என்ற சொற்களே தெரியாமல் 60, 24 இரண்டையும் பிடித்துவிடுவார். பலகைகளிலும் அதே கதை. ஆட்டுக் கணக்கில் சின்னத் தடம் ஒன்பது வரை வரிசையாக நிற்கும், பார்லிக் கணக்கில் ஐந்தோடு நின்றுவிடும். சந்தேகமிருந்தால் பலகையைத் திருப்பலாம்: முன்பக்கம் தனித்தனி உருப்படிகள், பல பலகைகளில் பின்பக்கம் கூட்டுத்தொகை. கூட்டிப் பார்த்து விடை பொருந்தினால் நம் ஊகம் சரி. நெடுநாள் பார்லி வட்டத்தையும் பத்து என்றே எடுத்துக்கொண்டு கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. 1970களின் கடைசியில் ஸ்வீடன் கணிதவியலாளர் யோரன் ஃபிரிபெரி அது ஆறு என்று காட்டினார். பிறகு பெர்லினில் ஹான்ஸ் நிசன், பீட்டர் டாமரோவ், ராபர்ட் இங்லண்ட் மூவரும் மற்ற எண் முறைகளையும் சேர்த்துப் பிரித்துப் போட்டார்கள். உடைந்த மண்துண்டில் குழிகளை எண்ணுகிறேன் என்று இன்று ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வரும். அப்படிக் கேட்பவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் ஓடும் 60, இந்த ஆடு எண்ணும் கணக்கின் வழியில் வந்ததுதான்.

புகழ்பெற்ற ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், குஷிம் என்று இருக்கிறது. குஷிம் ஒரு ஆளா, பதவியா என்பது இன்னும் வழக்கில்தான் கிடக்கிறது. வேற்றுமை உருபு, வினை விகுதி எதுவும் இல்லாமல் குறிகளை மட்டும் அடுக்கிவைத்த எழுத்து அது. அதனால் வாசகரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு: அந்தப் பழைய பலகைகளை எழுதிய கணக்குப்பிள்ளைகள் பேசியது சுமேரிய மொழிதானா என்பதிலேயே ஆய்வாளர் ராபர்ட் இங்லண்டுக்குச் சந்தேகம் இருந்தது.