மங்கிய கண்ணுக்கு மென்பொருள் மருந்தாகாது

சென்ற வாரம் ஒரு மாணவர் அனுப்பிய படத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சட்டைக் காலரின் தையல். நூலை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு அது துல்லியமாக இருந்தது. அதற்குச் சற்று மேலே, சிரித்துக்கொண்டிருந்த சிறுமியின் கண்கள் இரண்டும் மங்கிக் கிடந்தன. கூடவே ஒரு கேள்வி: "லென்ஸை மாற்ற வேண்டுமா, மென்பொருளில் ஷார்ப்பன் செய்தால் போதுமா?" ஒரே வாரத்தில் இதே கேள்வியுடன் வந்த மூன்றாவது படம் அது. படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்வதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறவன் என்ற உரிமையில், இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஃபோகஸ் தவறிய படத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஷார்ப்பன் என்பது, படத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் விளிம்புகளின் ஒரு பக்கத்தைச் சற்று வெளிறச் செய்து மறுபக்கத்தைச் சற்று இருளச் செய்யும் வேலை, அவ்வளவுதான். பதியாத இமை முடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? அளவுக்கு மீறினால் தோல் மணல் தூவியதுபோல் ஆகி, முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இமை முடியை வரைந்து கொடுக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அவை வரைவது ஊகம். அந்தச் சிறுமியைப் பெற்றவர் பார்த்தால், இது தன் மகளின் கண் இல்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

லென்ஸின் மீது பழி போடுவதற்கு முன், படத்தை 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, மங்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். வேறு ஏதேனும் ஓரிடம் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால், அவர் அசைந்த வேகத்துக்கு உங்கள் ஷட்டர் வேகம் (ஒளிக்குத் திறந்து மூடும் வேகம்) போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மேலே சொன்ன படத்தில், ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டிருந்தார். அது கட்டம் போட்ட காலரைப் பற்றிக்கொண்டது. முழுச் சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு உணரி கொண்டது) 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 என்று அகலத் திறந்து வைத்து ஒரு மீட்டர் தொலைவில் நின்று எடுத்தால், துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. துளையைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனால் அது 18 செ.மீ. அளவுக்கு விரிகிறது. விலை கூடிய லென்ஸ் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எனவே ஃபோகஸ் புள்ளியை நீங்களே கண்ணின் மீது வையுங்கள். இரு கண்களில் உங்களுக்கு அருகில் இருப்பதன் மீது. கண்ணைக் கண்டறியும் வசதி கேமராவில் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி என்ற பழைய கணக்கைவிட ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். வெளிச்சம் குறைவென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவைக் கூட்டுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பின்னர் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், கலைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. கேமராவின் சிறிய திரையை நம்பி அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதில் எல்லாப் படமும் துல்லியமாகவே தெரியும்.

காட்சியமைப்பில் நான் பார்க்கும் பிழைகளுள் பெரும்பாலானவை பின்னணியைச் சேர்ந்தவை. தலையிலிருந்து கம்பம் முளைப்பது, தொடுவானம் கழுத்தை அறுத்துக்கொண்டு போவது, கணுக்காலில் சட்டகம் முடிந்துவிடுவது. அரை அடி நகர்ந்திருந்தால் பாதி சரியாகியிருக்கும். சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைப் பிரிகோடுகளின் மீது வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைப் பலர் வேதமாக ஓதுகிறார்கள். 1797-லேயே நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றிய எழுத்தில் இடம்பெற்ற யோசனை அது. பழகுவதற்கு நல்லது, படத்தை மதிப்பிடும் அளவுகோல் அன்று.

கருத்துச் சொல்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "அருமை" என்ற ஒற்றைச் சொல் கற்பவருக்கு எதையும் கற்றுத்தராது. "சரியில்லை" என்பதும் அப்படியே. உங்கள் பார்வை முதலில் எங்கே விழுந்தது, அடுத்து எங்கே போனது, எது அதை இடறச் செய்தது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள். கேட்பவர்களும், எதைக் காட்ட நினைத்து எடுத்தோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். சுருக்கப்படாத மூலக் கோப்பையே அனுப்புங்கள். ஷட்டர் வேகமும் துளையளவும் அதிலேயே பதிந்திருக்கும், அவற்றைப் பார்க்காமல் நோயைக் கணிப்பது கடினம்.

அந்த மாணவர் லென்ஸ் வாங்கவில்லை. நேற்று அதே சிறுமியை, அதே லென்ஸால், எஃப் 4-இல் எடுத்து அனுப்பியிருந்தார். இடது கண்ணின் கருமணியில் சன்னலின் நான்கு கண்ணாடிச் சதுரங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. தலைக்குப் பின்னால் கதவின் விளிம்பு காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன்.