மரபுரிமமா, மரபேற்பா: எக்ஸ்எம்எல் தொடராக்கத்தில் ஒரு சொல்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஓர் இனக்குழு (கிளாஸ், அதாவது பொருள்களை உருவாக்கும் வார்ப்பு) வேறோர் இனக்குழுவின் தரவுகளையும் செயல்களையும் தனதாக ஏற்று, அவற்றின்மேல் தனக்குரியவற்றைச் சேர்த்துக்கொள்வதை இன்ஹெரிட்டன்ஸ் என்கிறோம். வாரிசைக் குறிக்கும் 'ஹெரெஸ்' என்ற இலத்தீன் சொல்லில் வேர்கொண்டு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கணினிக்குள் இந்தக் கருத்து நுழைந்தபோது அதற்கு இந்தப் பெயர் இல்லை. நார்வேயைச் சேர்ந்த ஓலே-யோஹான் தாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 மொழியை வடிவமைத்தபோது, மூல இனக்குழுவின் பெயரைப் புதிய இனக்குழுவின் முன்னால் எழுதும் முறையை வகுத்து, அதை முன்னொட்டு என்று அழைத்தார்கள். இன்ஹெரிட்டன்ஸ் என்ற வாரிசுப் பெயர் 1970களில் சுமால்டாக் மொழியின் வழியே பரவியது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் நூல்கள் இதை மரபுரிமம் என்கின்றன. மாணவர்கள் படித்துப் பழகிய சொல் என்பதால் அதை எளிதில் ஒதுக்க மனம் வரவில்லை. எனினும் ஓட்டுநர் உரிமம், கட்டட உரிமம் என்று நாள்தோறும் பேசுகிற நமக்கு உரிமம் என்றதும் லைசென்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. மரபுரிமை என்று மாற்றினாலும் சிக்கல் தீராது, ஏனெனில் இலங்கையில் அச்சொல் தொன்மைச் சின்னங்கள் சார்ந்த பண்பாட்டுச் செல்வத்தைக் குறிக்க வேரூன்றிவிட்டது. ஏற்கும் செயலைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் மரபேற்பு என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். மரபு என்ற பகுதி பொருந்துமா என்று ஐயுறுவோர் தொல்காப்பிய மரபியலைப் பார்க்கலாம். ஓரறிவுயிருக்கு உற்றறிவு என்று தொடங்கி, 'இரண்டறி வதுவே அதனொடு நாவே' என்று முந்தையதை அப்படியே வைத்துக்கொண்டு புதியதொன்றைக் கூட்டி ஆறறிவு வரை ஏறிச்செல்லும் அந்த வகைப்பாட்டில், 'அதனொடு' என்ற ஒரு சொல் மரபேற்பின் இலக்கணத்தையே சொல்லிவிடுகிறது.

இனி எக்ஸ்எம்எல், அதாவது தரவைக் குறிச்சொற்களுக்குள் பொதிந்து எழுதும் உரை வடிவம். நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் பொருளை (ஆப்ஜெக்ட்) வரிசையான எழுத்துகளாக மாற்றுவது சீரியலைசேஷன். கோத்தல், வரிசை என்ற பொருளுடைய இலத்தீன் 'சீரிஸ்' இதன் மூலம் என்பதால் தொடராக்கம் என்ற தமிழ்ச்சொல் மிகச் சரியாக அமைந்திருக்கிறது. தொடராக்கத்தில் மரபேற்பு ஏன் தடுமாறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். வண்டி என்பது அடிப்படை இனக்குழு. அதில் பதிவெண் உண்டு. பேருந்து அதை ஏற்று இருக்கைகளைச் சேர்க்கிறது. சரக்குந்து பாரத்தைச் சேர்க்கிறது. நிரலில் 'வண்டிகளின் பட்டியல்' என்று மட்டும் அறிவித்துவிட்டு அதில் பேருந்து ஒன்றை வைத்தால், அறிவித்த வகை வண்டி, உள்ளே இருக்கும் வகை பேருந்து. எக்ஸ்எம்எல் ஆவணத்தில் வெறுமனே வண்டி என்று எழுதினால், திரும்பப் படிக்கும் நிரலுக்கு எந்த இனக்குழுவில் பொருளை உருவாக்குவது என்று தெரியாது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் தொடராக்கத்தைச் செய்யும் எக்ஸ்எம்எல்சீரியலைசர் இந்த நிலையில் வேலையை நிறுத்தி, எதிர்பாராத வகை வந்துவிட்டது என்று பிழை எழுப்பும். அடிப்படை இனக்குழுவின் மேல் எக்ஸ்எம்எல்இன்க்ளூட் என்ற குறிப்பில் பேருந்தின் பெயரைச் சொன்ன பிறகே எழுதும். ஜாவா மொழியில் இதே வேலையைச் செய்யும் ஜாக்ஸ்பி அப்படி நிற்பதில்லை. எக்ஸ்எம்எல்சீஆல்ஸோ குறிப்பாலோ வேறு வழியாலோ பேருந்து அதற்கு அறிவிக்கப்படாமல், வண்டி மட்டும் தெரிந்திருந்தால், பேருந்தை வண்டியாகவே எழுதிவிடும். இருக்கைகளின் எண்ணிக்கை ஓசையின்றிக் காணாமல் போகும். உடனே நின்று பிழை சொல்லும் முறையே மேலானது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அழிந்த தரவைப் பல மாதங்கள் கழித்துத் தேடுவது மிகக் கடினம்.

அறிவிப்புச் சரியாக இருந்தால் ஆவணம் ஏறத்தாழ இப்படி அமையும். எக்ஸ்எம்எல் உறுப்புப் பெயர்களில், அதாவது குறிச்சொற்களின் பெயர்களில், தமிழ் எழுத்துகளை அனுமதிக்கிறது.

<வண்டி வகை="பேருந்து"><பதிவெண்>…</பதிவெண்><இருக்கைகள்>54</இருக்கைகள்></வண்டி>

இங்கே 'வகை' என்று எழுதியிருக்கும் பண்பின் இடத்தில் உண்மையான ஆவணங்களில் எக்ஸ்எஸ்ஐ:டைப் என்ற பண்பு வரும். அதை வகைச்சுட்டு எனலாம். 2001 மே மாதம் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரையாக வெளியிட்ட, எக்ஸ்எம்எல் ஆவணங்களின் கட்டமைப்பை விதிக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா இதை வரையறுத்தது. அந்த ஆவணம் இன்ஹெரிட்டன்ஸ் என்ற சொல்லை முன்னிறுத்தாமல் டெரிவேஷன், எக்ஸ்டென்ஷன் என்ற சொற்களால் பேசுகிறது. தருவித்தல், விரித்தல் என்பன அவற்றுக்கு ஏற்ற தமிழ். விரிக்கும்போது அடிப்படை வகையின் உறுப்புகள் முதலிலும் புதியவை அவற்றின் பின்னும் வரவேண்டும் என்பது விதி, அதாவது இங்கும் 'அதனொடு'தான். வகைச்சுட்டு வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு துணை இனக்குழுவுக்கும் தனி உறுப்புப் பெயர் கொடுத்து, வண்டிக்குப் பதிலாகப் பேருந்து என்றே எழுதலாம். மனிதர் படிக்க அதுவே தெளிவானது.

ஜாவாவுக்கான எக்ஸ்ஸ்ட்ரீம் போன்ற நிரல் நூலகங்கள் ஸ்கீமா வகைக்கு மாறாக, நிரலில் உள்ள இனக்குழுவின் பெயரையே ஆவணத்தில் பொறிக்கின்றன. நிரலில் பெயரை மாற்றினால் பழைய கோப்புகளைப் படிக்க முடியாமல் போவது ஒரு குறை. அதைவிடப் பெரியது பாதுகாப்புக் குறை: ஆவணத்தில் எழுதியிருக்கும் பெயரை நம்பிப் பொருளை உருவாக்கும் நிரலுக்கு, தீய நோக்குடையவர் தாம் விரும்பிய இனக்குழுவின் பெயரை எழுதி அனுப்ப முடியும். எக்ஸ்ஸ்ட்ரீமில் தொடர்ந்து இத்தகைய ஓட்டைகள் கண்டறியப்பட்டதால், 2021இல் வந்த 1.4.18 பதிப்பு முதல், வெளிப்படையாக அனுமதித்த இனக்குழுக்களை மட்டுமே ஏற்கும் முறை இயல்பாக்கப்பட்டது. எக்ஸ்எம்எல்இன்க்ளூட் குறிப்பில் துணை இனக்குழுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி எழுதுவது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றினாலும், இதே காவலை அது தொடக்கத்திலிருந்தே தந்துவருகிறது.