கேனைத் தூக்காமல் டிராக்டருக்கு டீசல் ஊற்ற

35 லிட்டர் கேன் நிறைய டீசல் கிட்டத்தட்ட 29 கிலோ. கேனையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். சொர்ணவாரி நெல்லுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டும் நாட்களில் விடிகாலையில் ஒருவர் இதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் புனலில் கவிழ்ப்பார். முதல் லிட்டர் பானெட்டில்தான் கொட்டும். கேனுக்கு ஒரே வாய் என்பதுதான் காரணம். டீசல் வெளியே வர, அதே வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டும் மோதுவதால் குபுக் குபுக்கென்று அடிக்கிறது. கேனின் வாய் கீழ்ப்பக்கம் இல்லாமல் மேல்பக்கம் இருக்கும்படி பிடித்துச் சாய்த்தால் காற்றுக்குத் தனி வழி கிடைக்கும், ஊற்று சீராக விழும். வேறு எதுவும் வாங்காதவர்கள் இதையாவது செய்யலாம்.

தூக்குவதையே விட வேண்டுமானால் சைஃபன். டீசல் மட்டம் மேலே, குழாயின் மறுமுனை கீழே, நடுவில் காற்றில்லாத டியூப். இவ்வளவு இருந்தால் பூமியின் ஈர்ப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். கேனை உயர்த்துவதைவிட டிராக்டரைத் தாழ்த்துவது சுலபம். ரோட்டோரம் கேன், மூன்றடி கீழே நிலத்து வழியில் டிராக்டர் என்று நிறுத்த இடம் இருந்தால், ரோட்டில் ஒரு ஸ்டூல் போட்டாலே கேன் டேங்க் வாய்க்கு மேலே வந்துவிடும்.

டியூபின் அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டடி இறக்கம், இரண்டு மீட்டர் நீளம், அரை இன்ச் டியூப் என்றால் கணக்குப்படி 20 லிட்டர் இறங்க 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதே நீளத்தில் ஒரு இன்ச் டியூப் போட்டால் அரை நிமிடத்துக்குள் முடியும். அகலம் இரண்டு மடங்கு, வேகமோ ஐந்து மடங்கு. குழாயின் பரப்பு நான்கு மடங்காவதோடு உரசலும் குறைவதால் இப்படி. ஆனால் வேகமாக விழும் டீசல் நுரைக்கும். டேங்க் நிரம்பிவிட்டதுபோல் தெரியும், நுரை அடங்கினால் இரண்டு விரற்கடை குறைந்திருக்கும்.

டியூபை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். ஒரு மிடறு டீசல் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் வீங்கிவிடும். தப்பித் தவறி விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், வாந்தியில் அது மறுபடி மூச்சுக்குழாய்க்குள் போகும். முனையில் செப்புத் தலையும் உள்ளே ஒரு கோலிக்குண்டும் வைத்த டியூப் கிடைக்கிறது. அந்தத் தலையைக் கேனுக்குள் விட்டு மேலும் கீழும் குலுக்கினால் போதும். கீழே இறக்கும்போது குண்டு எழும்பி டீசலை உள்ளே விடும், மேலே இழுக்கும்போது உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். நாலைந்து குலுக்கலில் டியூப் நிரம்பி ஓட ஆரம்பித்துவிடும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு 200 லிட்டர் பேரலும் சுழற்றும் கைப்பம்பும்தான் சரி. பம்பு பேரலின் 2 இன்ச் வாயில் திருகி உட்காரும். எதிரே உள்ள முக்கால் இன்ச் மூடியைத் தளர்த்த மறந்தால் உள்ளே வெற்றிடம் ஏறி, கைப்பிடி கனத்து, டீசல் வருவது நின்றுவிடும். பம்பு கெட்டுவிட்டதென்று கழற்றுமுன் இதைப் பாருங்கள். டிராக்டர் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பும் நல்லதுதான். ஆனால் 180 வாட் மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கும். வீட்டு லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரில் கொடுத்தால் சூடேறும், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வேண்டும். கிளிப்பைப் பேட்டரியில் மாட்டிய பிறகுதான் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். வீட்டுத் தண்ணீர் மோட்டாரை டீசலுக்குப் பயன்படுத்தவே கூடாது. அதன் ரப்பர் சீல் டீசலில் ஊறிப் பிய்ந்துவிடும், பொறியும் பறக்கலாம்.

டீசல் லேசில் பற்றாது என்ற பேச்சை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டீசலின் ஆவி தீப்பொறியில் பற்றத் தொடங்கும் வெப்பநிலை இந்தியத் தரத்தில் குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். ஐரோப்பாவில் 55. வேலூர், குடியாத்தம் பக்கம் கத்திரி வெயில் 40ஐத் தாண்டும், வெயிலில் நிற்கும் பேரல் அதைவிடச் சுடும். அதனால் பேரல் நிழலில், அடுப்பும் பீடியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். சட்டப்படி 2,500 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், எந்த ஒரு தொட்டியும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது.

பேரல் வைத்தால் நெருப்பைவிட அடிக்கடி வரும் தொல்லை தண்ணீர். 200 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறினால் இரண்டரை லிட்டர் பெருகும். பகலில் காற்றை வெளியே தள்ளி, இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். ஐப்பசி மழையில் நிமிர்ந்து நிற்கும் பேரலின் மேல்விளிம்புக்குள் தண்ணீர் தேங்கினால், மூடித் திருகு வழியாக அதையும் இழுக்கும். பேரலைப் படுக்க வைத்து, இரண்டு வாயும் கடிகாரத்தின் 3லும் 9லும் வருமாறு திருப்பினால் பேரல் பாதிக்கு மேல் இருக்கும்வரை திருகு டீசலில் நனைந்திருக்கும், காற்றும் மழையும் ஏறாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்து, இரண்டு மூடியும் பள்ளப் பக்கம் வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி வையுங்கள். பம்புக் குழாயின் அடிமுனையை இரண்டு இன்ச் வெட்டிவிடலாம். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில்தான் தங்கும், கறுப்புக் கசடும் அங்கேதான் வளரும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தொட்டியும் பைப்பும் வேண்டாம், அதன் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து பிசினாகி ஃபில்டரை அடைக்கும்.

இன்ஜினுக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் இஞ்ஜெக்ஷன் பம்புக்கு மசகு எண்ணெயே அந்த டீசல்தான், தண்ணீர் போனால் துரு பிடிக்கும். ஆகவே புது டீசலைப் பேரலில் ஊற்றியதும் பம்பு அடிக்காமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் டிராக்டர் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் டம்ளரின் அடியில் தனிக் குமிழியாக உருளும். உருளாமல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்கலாம்.