கூட்டெழுத்தில் உதிரும் புள்ளி

மொரீஷியஸில் கல்யாணப் பத்திரிகைக்கும் கடைப்பலகைக்கும் வடிவமைப்புக் கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, அதே போல வளைந்து ஓடும் எழுத்து தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் காட்டுவது பெரும்பாலும் 'கிரேட் வைப்ஸ்', 'டான்சிங் ஸ்கிரிப்ட்' போன்ற, எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து ஓடும் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுத்துரு. மாதிரிப் படத்திலுள்ள சொல், அந்த எழுத்துருவின் வளைவுகளுக்கு ஏற்றதாகப் பார்த்துத் தேர்ந்தது. உங்கள் பெயர் அப்படித் தேர்ந்ததன்று.

இவ்வகை எழுத்துருவில் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தொடக்கத்தை ஒரே உயரத்தில் தொடும்படி வரையப்பட்டிருக்கும். ஆகவே எழுத்துகளுக்கிடையே சற்று இடம் விட்டாலே தொடர்பு அறுந்து, கோர்வை குலைந்த மணிமாலை போலாகிவிடும். முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) அமைத்தால் அலங்கார வளைவுகள் ஒன்றோடொன்று மோதும், வாசிக்கவே முடியாது. வினைல் வெட்டும் இயந்திரமோ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தையும் வெட்டிவிடும் என்பதால், முதலில் எல்லா வடிவங்களையும் ஒன்றாக இணைத்துக்கொள்ள வேண்டும். தையல் எம்பிராய்டரியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த கோடு நிற்காது. நம் ஊருக்கே உரிய தொல்லை வேறொன்று உண்டு: சில இலவச எழுத்துருக்களில் பிரெஞ்சு எழுத்தின் தலைமேல் வரும் சாய்கோடு கிடையாது, மென்பொருள் அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிவந்து நட்டுவிடும்.

இலவசம் என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன இரண்டும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளிவந்தவை. வணிகச் சின்னத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இணையத்தில் இறங்கும் வேறு பல, 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடு வருகின்றன. கடைச் சின்னம் சொந்தப் பயன்பாட்டில் சேராது.

தமிழுக்கு வந்தால் சிக்கலே வேறு. அச்சுத் தமிழில் எழுத்துகள் வாலால் கோத்துக்கொள்வதில்லை. எனவே ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு இணையாகத் தமிழை வலிந்து சாய்த்து இழுப்பதைவிட, தாரிக் அசீஸ் வடிவமைத்த 'கவிவனார்' போல இயல்பாகவே கையெழுத்துச் சாயலில் பிறந்த எழுத்துருவை எடுத்துக்கொள்வது நல்லது. அதிலும் புள்ளியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். 'செல்வம்' என்று தொடங்கும் ஒரு கடைப்பெயரைப் பொன்தாள் அச்சில் முகவரி அட்டைக்கு அமைத்துக் கொடுத்தேன். திரையில் மின்னிய புள்ளி தாளில் ஒட்டவில்லை. கடைக்காரர் அட்டையைக் கண்ணருகே பிடித்து வாசித்தார்: "செலவம." பிறகு, "செல்வம் செலவாகிவிட்டதே, தம்பி," என்றார். 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாவதற்கு இறங்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற நேர்ந்த நாடு இது. அட்டையில் போன புள்ளிக்காக ஊர் திரளாது, கவனிக்க வேண்டியவர் வடிவமைப்பாளரே.

அட்டைகள் அனைத்தையும் என் செலவில் மீண்டும் அடித்துக் கொடுத்தேன். புள்ளியை எழுத்தின் கோட்டுப் பருமனுக்குச் சமமாக்கி, மேலே சற்று விலக்கி வைத்தேன். இப்போதெல்லாம் பெயரை அட்டையின் உண்மையான அளவில், அதே தாளில் ஒரு பிரதி அடித்து, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டச் சொன்ன பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.